எந்த ஓரம்?

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில் சைக்கிள் மிதித்த எவரும் ஒரு வார்த்தையை ஆயிரம் தடவையாவது கேட்டிருப்பார்கள்: "ஓரமாப் போ!" பஸ் நடத்துநர் படியில் தொங்கியபடி சொல்வார். டிப்பர் லாரிக்காரர் ஹாரனில் சொல்வார். கார்க்காரர் கண்ணாடியை இறக்கவும் மாட்டார். உள்ளே உதடு அசைவதை வைத்து நாமே புரிந்துகொள்ள வேண்டியதுதான். குரங்குப் பெடல் போட்ட வயதிலிருந்து நானும் கேட்டு வருகிறேன். சொன்னவர்களில் ஒருவராவது எந்த ஓரம் என்று கை காட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

பெருநகரங்களில் இதே எரிச்சல் வேறு உருவத்தில் வரும். "சைக்கிளுக்கென்று தனிப்பாதையே போட்டுக் கொடுத்தாயிற்று. அதை விட்டுவிட்டு ஏன் ரோட்டில் வந்து விழுகிறார்கள்?" என்று டெல்லியில் கேட்டார்கள். லண்டனிலும் பெர்லினிலும் தொண்ணூறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். உத்திரமேரூர் வட்டாரத்தில் தனிப்பாதை கிடையாது, ஆனால் கேள்வி உண்டு. தாருக்கும் மண்ணுக்கும் நடுவே கிடக்கும் அந்தச் சாண் அகலத்தை, எவரும் எழுதிக் கொடுக்காமலே, சைக்கிளுக்கு என்று ஊர் ஒதுக்கிவிட்டது. அங்கே போகாமல் தார் மேல் வருகிறவருக்குத் திமிர் என்று பெயர்.

அந்த ஒதுக்கீட்டு நிலத்தில் ஒரு தடவை இறங்கிப் பார்ப்போம்.

சாலைகளுக்கான அளவுகளை வகுப்பது இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு. ஒற்றைத் தடச் சாலை என்றால் 3.75 மீட்டர். இடைத்தரம் 5.5. இரட்டைத் தடம் 7. பஸ்ஸோ லாரியோ சுமார் இரண்டரை மீட்டர் அகலம். மீதியைப் பள்ளிக்கூடப் பிள்ளையே கணக்குப் போட்டுவிடும். கிராமத்து ஒற்றைத் தடத்தில் ஒரு பஸ் வந்தால் மிச்சம் ஒன்றேகால் மீட்டர். அதுவும் பஸ் மறுபக்கத்துப் புல்லை உரசிக்கொண்டு போனால்தான். ஐந்தரை மீட்டரில் இரண்டு லாரி எதிரெதிரே வந்தால் மிச்சம் அரை மீட்டர், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து. சைக்கிளின் ஹேண்டில் பார் மட்டுமே அதைவிட அகலம். ஆக, சாலை இன்னும் காகிதத்தில் இருக்கும்போதே சைக்கிள்காரர் மண்ணில் இறங்கியாயிற்று.

சரி, மண்ணாவது மண்ணாக இருக்கிறதா? மழைத் தண்ணீர் வடிவதற்காகச் சாலையை நடுவில் மேடாகவும் இருபுறம் சரிவாகவும் போடுவார்கள். தண்ணீர் வடிகிற பக்கமே எல்லாம் வடியும். சாலவாக்கம் பக்கத்துக் கல்குவாரிகளிலிருந்து வரும் டிப்பர்கள் உதிர்த்துப் போகும் ஜல்லி, எம்-சாண்ட் தூசு, உடைந்த பாட்டில், கழன்று விழுந்த ஆணி, எல்லாவற்றையும் பெரிய சக்கரங்கள் தள்ளித் தள்ளி ஓரத்தில் சேர்க்கும். நடுச்சாலை பெருக்கி விட்ட கூடம் மாதிரி இருக்க, ஓரம் அந்த வீட்டுக் குப்பைமேடாகக் கிடக்கும். போதாக்குறைக்குச் சீமைக் கருவேலம். அதன் முள்ளுக்கும் சைக்கிள் டியூபுக்கும் என்ன ஜென்மப் பகையோ தெரியாது.

அறுவடை மாதங்களில் களம் வசதி இல்லாதவர்கள் தார் ரோட்டிலேயே நெல்லைக் காயப்போடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஈரப்பதம் கூடுதல் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பப்பட்ட நெல்லை வேறு எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? வண்டி ஏறாமலிருக்க நெல்லைச் சுற்றிக் கல் அடுக்கி வைப்பார்கள். சாயங்காலம் நெல்லை அள்ளிப் போவார்கள், கல்லை மறந்துவிடுவார்கள். விளக்கு இல்லாத சாலையில் ராத்திரி முழுக்க அந்தக் கல் யாராவது ஒரு சைக்கிளுக்குக் காத்திருக்கும்.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைக்க வைப்பது ஒன்று உண்டு, தாரின் விளிம்பு. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுச் சாலை வருடா வருடம் வளர்கிறது. பக்கத்து மண் வளர்வதில்லை, மழையில் கரைகிறது. சில இடங்களில் நாலு விரல் உயர வித்தியாசம், சில இடங்களில் ஒரு சாண். நடந்து போகிறவருக்கு அது படி. லாரிக்கு ஒன்றுமே இல்லை. சைக்கிளுக்கு அது பொறி.

சைக்கிள் விழாமல் நிற்கும் ரகசியம் ஹேண்டிலில் இருக்கிறது. உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் நம்மை அறியாமலே ஹேண்டிலை இம்மி இம்மியாகத் திருப்பிச் சக்கரத்தை உடம்புக்கு அடியில் கொண்டுவந்துவிடுகிறோம். மண்ணில் இறங்கிய முன் சக்கரம் மீண்டும் தார் மேல் ஏறப் பார்க்கும்போது விளிம்போடு இணையாக உரசுகிறது. உடம்பு தார்ப் பக்கம் சாய்ந்தாயிற்று. சக்கரம் பின்தொடர முடியாமல் விளிம்பில் முட்டிக்கொண்டு மண்ணிலேயே நிற்கிறது. அப்புறம் விழுவதைத் தவிர வழியில்லை. விழுவது பெரும்பாலும் உள்பக்கமாக, பின்னால் வருகிற பஸ் சக்கரத்துக்கு நேராக.

இதைப் புத்தகத்தில் படித்து யாரும் தெரிந்துகொள்வதில்லை. முட்டி தேய்ந்து தெரிந்துகொள்கிறார்கள். தெரிந்தபின் விளிம்பிலிருந்து ஒரு முழம் உள்ளே தள்ளித்தான் மிதிப்பார்கள். பால் கேன் கட்டிக்கொண்டு போகிறவர், புல்லுக்கட்டு ஏற்றியவர், பேத்தியை முன்னால் பாரில் உட்கார வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகும் தாத்தா என்று யாரை வேண்டுமானாலும் கவனித்துப் பாருங்கள். சொல்லிவைத்த மாதிரி அதே ஒரு முழம். அத்தனை ஹாரனும் அந்த ஒரு முழத்துக்காகத்தான்.

அனுபவம் சொல்லிக் கொடுத்த இன்னொரு பாடமும் உண்டு. ஓரத்தில் ஒண்டிப் போகிறவரைப் பார்த்தால், இடுக்கில் நுழைந்து தாண்டிவிடலாம் என்று பின்னால் வரும் வண்டிக்கு நப்பாசை வந்துவிடும். தார் மேல் தெரியும்படி போகிறவரைப் பார்த்தால் பிரேக்கில் கால் போகும். திட்டு விழும், ஆனால் உயிர் மிஞ்சும்.

சைக்கிள்காரர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மூன்று பேர் வரிசை கட்டிக் கதை பேசிக்கொண்டு போவதும், பின்னால் பாராமல் குறுக்கே திரும்புவதும் நடக்கிறதுதான். சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் சுங்குவார்சத்திரம் பக்கம் எதிர்த்திசையில் வரும் சைக்கிளைப் பார்த்து நானே திட்டியிருக்கிறேன். பிறகு யோசித்தால், சாலையை நடுவில் தடுப்புச்சுவர் வைத்து இரண்டாகப் பிளந்து, திரும்பும் இடத்தை வெகுதூரத்தில் வைத்தது அவரா? எதிரே தெரியும் டீக்கடைக்கு ஒரு மைல் சுற்று. காருக்கு அது ஒரு நிமிடம். பழைய சைக்கிளில் எதிர்காற்றில் மிதிக்கிறவருக்கு அது வேறு கணக்கு.

இந்தத் தகராறு தொடங்கிய இடத்துக்குப் போவதென்றால், காருக்கும் முந்திய காலத்துக்குப் போக வேண்டும். நல்ல ரோடு வேண்டும் என்று முதலில் கூச்சல் போட்டவர்களே சைக்கிள்காரர்கள்தான். 1885ல் இங்கிலாந்தில் ஸ்டார்லி செய்த ரோவர் சைக்கிள், 1888ல் டன்லப்பின் காற்றடைத்த டயர், இரண்டும் சேர்ந்து சைக்கிளைச் சாமானியரின் வாகனமாக்கின. அதற்கு முன்பே 1878ல் இங்கிலாந்திலும் 1880ல் அமெரிக்காவிலும் சைக்கிள் சங்கங்கள் உண்டாகி, குண்டும் குழியுமான வண்டிப்பாதைகளைச் செப்பனிடச் சொல்லிப் பத்திரிகை நடத்தின, அரசாங்கத்தை நச்சரித்தன. சைக்கிளும் ஒரு வண்டிதான், அதற்கும் சாலையில் இடம் உண்டு என்று பிரிட்டனில் 1888லேயே சட்டம் எழுதியாயிற்று. அப்படிச் செப்பனிட்ட சாலையில்தான் மோட்டார் பிற்பாடு வந்து சேர்ந்தது. திண்ணையில் ஒதுங்க இடம் கேட்டவர் கூடத்துக்கு வந்து, வீட்டுக்காரரைத் திண்ணைக்கு அனுப்பிய கதை.

திண்ணைக்கு அனுப்பிய வருடத்தையே குறித்துச் சொல்ல முடியும், 1934.

அந்த வருடம் ஜெர்மனியில் ஹிட்லர் அரசு புதுப் போக்குவரத்துச் சட்டம் கொண்டுவந்தது. சைக்கிள் பாதை இருக்கும் இடத்தில் சைக்கிள் அதில்தான் போக வேண்டும், சாலையில் வரக்கூடாது என்று கட்டாயம் ஆயிற்று. சைக்கிள்காரர் பத்திரமாக இருக்கட்டும் என்ற பேச்சு இருந்தது. கூடவே, இரண்டு வருடத்தில் வரவிருந்த பெர்லின் ஒலிம்பிக்குக்கு வருகிற வெளிநாட்டான் சைக்கிள் தொந்தரவில்லாத மோட்டார் ஜெர்மனியைப் பார்த்து வாய் பிளக்க வேண்டும் என்பதையும் ஒளிக்காமலே சொன்னார்கள். அதே 1934 டிசம்பரில் லண்டனின் மேற்கே வெஸ்டர்ன் அவென்யூ சாலையை ஒட்டி இரண்டரை மைல் நீளத்துக்கு பிரிட்டனின் முதல் சைக்கிள் பாதையைப் போக்குவரத்து அமைச்சர் ஹோர்-பெலிஷா திறந்து வைத்தார். இனாமாகக் கிடைத்த பாதையை சைக்கிள் சங்கம் வரவேற்கவில்லை, எதிர்த்தது. இன்று பாதை கொடுப்பார்கள், நாளை சாலையை விட்டுப் போ என்பார்கள் என்று அவர்கள் பயந்தார்கள். ஜெர்மனியைப் பார்த்தால் அந்தப் பயம் வீண் பயமில்லை. இதே டிசம்பரில்தான் டெல்லியில் நம் இந்தியச் சாலைக் காங்கிரஸும் பிறந்தது. தற்செயல்தான். ஆனால் சாலைப் பொறியியல் என்ற துறை எந்தக் காற்றைச் சுவாசித்து வளர்ந்தது என்பதை அந்தத் தற்செயல் காட்டிக் கொடுக்கிறது.

ஜெர்மனிக்காரர்கள் அந்தக் கட்டாயத்தை விட 60 வருடத்துக்கு மேல் ஆயிற்று. நடைபாதையோடு ஒட்டிப் போகும் சைக்கிள் பாதை நேர்ச்சாலையில் பத்திரம் போலத் தோன்றும். சந்திப்பில் கார் திரும்பும்போது, மறைவிலிருந்து வரும் சைக்கிளை ஓட்டுநர் எதிர்பார்ப்பதில்லை. இது தெரிந்த பிறகு 1990களின் இறுதியில் சட்டத்தைத் தளர்த்தினார்கள். நீலப் பலகை வைத்த இடத்தில் மட்டும் கட்டாயம் என்றார்கள். வழக்கத்துக்கு மீறிய ஆபத்து இருக்கும் இடத்தில்தான் அந்தப் பலகையே வைக்கலாம் என்று 2010ல் அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

நம் பக்கத்துக் கதை வேறு தினுசு. இங்கே சைக்கிளை ஓரங்கட்ட யாரும் சட்டம் போடவில்லை. சொல்லப்போனால் சைக்கிளை மரியாதையாகவே நடத்தினார்கள், அதாவது வரி போட்டார்கள். ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் பணம் கட்டி, தகர வில்லை வாங்கி, சைக்கிளில் மாட்டிக்கொண்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. ராத்திரியில் விளக்கில்லாமல் போனாலும், டபுள்ஸ் போனாலும் போலீஸ்காரர் நிறுத்துவார். அபராதம் கட்டக் காசில்லை என்று தலையைச் சொறிந்தால் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டு அனுப்புவார். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனாலும் யோசித்துப் பார்த்தால் அதில் ஓர் ஒப்புதல் இருந்தது. வரி கட்டுகிறவன், விளக்கு வைக்க வேண்டியவன், விதிக்குக் கட்டுப்பட்டவன் என்றால் அவன் சாலைக்காரன். வரி போயிற்று, வில்லை போயிற்று, பிடித்து நிறுத்துகிற போலீஸ்காரரும் போய்விட்டார். சந்தோஷப்பட்டோம். கூடவே சைக்கிள் அரசாங்கத்தின் கண்ணிலிருந்தும் போய்விட்டது.

1949ல் அம்பத்தூரில் முருகப்பா குழுமம் ஆங்கிலேயக் கம்பெனியோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள் ஆலையைத் தொடங்கிய பிறகு ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் தமிழ்நாட்டு வீட்டுப் பெயர்களாயின. சொந்தமாக வாங்க முடியாதவர்களுக்கு வாடகை சைக்கிள் கடை இருந்தது. மணிக்கணக்கில் வாடகை, நோட்டுப் புத்தகத்தில் பெயரும் நேரமும் எழுதிக்கொள்வார் கடைக்காரர். அன்றைக்கு காஞ்சிபுரம் சாலையில் எப்போதாவது ஒரு பஸ், அங்கங்கே மாட்டுவண்டி, மற்றபடி சைக்கிள். ஓரம் என்ற பேச்சே எழவில்லை. பஸ் வரும் சத்தம் தூரத்தில் கேட்கும்போது ஒதுங்கினால் போதும்.

சைக்கிளை எண்ணிப் பார்க்கவே இல்லை என்று பொறியாளர்கள் மேல் பழி போட முடியாது. எண்ணினார்கள், எழுதியும் வைத்தார்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1962லேயே சைக்கிள் பாதைக்கென்று தனி வழிகாட்டி வெளியிட்டது. நெரிசல் நேரத்தில் மணிக்கு 100 முதல் 200 மோட்டார் வண்டி போகும் சாலையில் 400 சைக்கிள் வந்தால் தனிப்பாதை போடலாம். மோட்டார் வண்டி 200ஐத் தாண்டிவிட்டால் 100 சைக்கிள் வந்தாலே போதும். பாதை குறைந்தது 2 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. அறுபது வருடத்துக்கு முன்பே இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறார்கள்!

அதே அமைப்பு 1990ல் கிராமப்புறச் சாலைகளின் கொள்ளளவைக் கணக்கிட இன்னொரு வழிகாட்டியை வெளியிட்டது. எல்லா வண்டியையும் காராக மாற்றி எண்ணும் முறை அது. கார் ஒன்று. பஸ்ஸும் லாரியும் மூன்று கார். சைக்கிள் அரைக் கார். கைவண்டி மூன்று. மாட்டுவண்டி எட்டு கார்! சாலையில் கார் ஓட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதுதான் அளவுகோல். பொறியாளரின் கணக்குக்கு அது வசதி, மறுக்கவில்லை. ஆனால் காரை அளவாக வைத்து அளந்தால் மற்ற எல்லோரும் இடைஞ்சலாகத்தான் தெரிவார்கள். நெல்லை மரக்காலால் அளக்கலாம், மோரையும் அதே மரக்காலால் அளப்பேன் என்றால் எப்படி?

சைக்கிள் என்பது வறுமையின் அடையாளம், மோட்டார் வந்ததும் தானாக மறைந்துவிடும் என்றொரு நம்பிக்கை இந்தக் கணக்குகளின் அடியில் ஓடியது. மறையவில்லை. 2011 கணக்கெடுப்பில் இந்தியக் குடும்பங்களில் நூற்றுக்கு 45 குடும்பத்திடம் சைக்கிள் இருந்தது. கார் வகையறா வைத்திருந்த குடும்பம் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. தமிழ்நாட்டிலோ அரசே முன்வந்து சைக்கிள் கொடுத்தது. 2001–02ல் ஜெயலலிதா ஆட்சியில் மேல்நிலை வகுப்பில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் தொடங்கி, 2005–06ல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் எல்லா மேல்நிலை மாணவர்களுக்கும் விரிந்தது. ஆட்சி மாறியும் திட்டம் நின்றுவிடவில்லை. பீகார் 2006ல் மாணவிகளுக்கு சைக்கிள் கொடுத்தபோது என்ன ஆயிற்று என்று கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்தார்கள். உயர்நிலை வகுப்பில் பெண்கள் சேர்வது 30 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது.

அதற்கும் முன்னால், 1991–92ல் புதுக்கோட்டை. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எழுதி நாடறியச் செய்தார். தண்ணீர் எடுக்க, பிள்ளையைப் பள்ளியில் விட, விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோக, எவர் துணைக்கும் காத்திராமல் போய்வர முடிந்தது. கேலி பேசினவர்களும் இருந்தார்கள். ஓரமாகப் போ என்ற சொல்லை அந்தப் பெண்கள் சாலைக்கு வரும் முன்பே வீட்டில் நிறையக் கேட்டிருப்பார்கள்.

யாழ்ப்பாணத்தையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1990ல் போர் மீண்டும் மூண்டு எரிபொருளுக்குத் தடை வந்தபின், குடாநாட்டின் தெருக்கள் சைக்கிளுக்குத் திரும்பி வந்தன. மண்ணெண்ணெயில் திக்கித் திக்கி ஓடிய சில பழைய கார்கள் தவிர மற்றதெல்லாம் சைக்கிள்: விறகு, மூட்டை, நோயாளி, மணப்பெண், வாத்தியார். துயரத்தால் வந்த நிலை அது, போற்ற ஒன்றுமில்லை. ஆனால் சைக்கிள் ஓரத்துக்கு உரியது என்ற எண்ணம் சைக்கிளின் சுபாவத்தில் இல்லை, பெட்ரோலின் வரத்தில்தான் இருக்கிறது என்பதை அந்த வருடங்கள் காட்டின.

பாதை போட்ட ஊர்களில் என்ன நடந்தது? 2008ல் டெல்லி அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்கு பஸ்ஸுக்குத் தனித்தடமும் சைக்கிளுக்குத் தனிப்பாதையும் போட்டார்கள். கொஞ்ச நாளில் சைக்கிள் பாதையில் மோட்டார் சைக்கிள்கள் ஓடின. சைக்கிள் பாதையில் மோட்டார் வண்டி ஓட்டக்கூடாது என்று அப்போதிருந்த 1989ஆம் ஆண்டுச் சாலை விதியே சொன்னது. எழுத்தில் இருந்து என்ன பயன்? 2016ல் எல்லாவற்றையும் இடித்துவிட்டார்கள். கொல்கத்தா இன்னும் ஒரு படி மேலே போனது. 2013ல் 174 சாலைகளில் சைக்கிளே வரக்கூடாது என்று தடை போட்டது. பால்காரரும் பேப்பர்காரரும் அன்று குற்றவாளியானார்கள்.

நெதர்லாந்தில் மட்டும் ஏன் சைக்கிள்காரர் சாலைக்கு வருவதில்லை என்று கேட்கலாம். அவர்களும் ஒரு காலத்தில் கார் மயக்கத்தில் கிடந்தவர்கள்தான். 1971ல் அந்தச் சிறிய நாட்டில் 3,300 பேர் சாலையில் செத்தார்கள், அதில் 400க்கு மேற்பட்டவர்கள் குழந்தைகள். பெற்றோர் தெருவுக்கு வந்தார்கள். குழந்தைக் கொலையை நிறுத்து என்பதே அந்த இயக்கத்தின் பெயர். 1973ல் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. அதன்பின் அவர்கள் போட்ட பாதை காருக்கு மிஞ்சிய ஓரத்தில் போட்டதல்ல. சந்திப்பிலும் அறுபடாமல், சாலையைவிட வழவழப்பாக, பல இடங்களில் காரை நிறுத்திவிட்டு சைக்கிளை முதலில் விடும்படி போட்டார்கள். அதில் போவது சுகம், ஆகவே போகிறார்கள். போலீஸ்காரர் தேவையில்லை. என் தீர்ப்பு இதுதான்: மிதிக்கிறவர் ஒரு பாதையை விட்டுச் சாலைக்கு வந்தால் குற்றத்தைப் பாதையில் தேடுங்கள், அவரிடம் தேடாதீர்கள். வெயிலில் ஒரு காதம் மிதிக்கிறவர் சும்மா வம்புக்காக மேட்டில் ஏற மாட்டார்.

உத்திரமேரூர்க்காரர்கள் எதைப் பேசினாலும் கடைசியில் கல்வெட்டுக்கு வந்துவிடுவோம், அந்தப் பெருமை எங்களை விடாது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துச் சாசனம், 919லும் 921லும் வெட்டியது. முப்பது குடும்பு என்ற வட்டாரங்கள், பெயர் எழுதிய ஓலையைக் குடத்தில் இட்டு ஆள் எடுக்கும் குடவோலை, வேலைக்கு ஒரு குழுவாக ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம். சோழர் கல்வெட்டுகளில் தடிவழி வாரியம் என்ற பெயரும் வருகிறது. தடி என்றால் வயல். பெயரைப் பார்த்தால் வயல்வழிகளைப் பார்த்துக்கொண்டது போலும். ஏரிக்கு வாரியம் வைத்தவர்கள் ஏரியின் மதகையும் கலங்கலையும் நேரில் போய்ப் பார்க்கிறவர்கள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனை மறுபடி ஓலையில் எழுதக்கூடாது, அவன் உறவுக்காரனையும் எழுதக்கூடாது என்று கல்லிலேயே வெட்டி வைத்தார்கள்.

பெருமையோடு மற்றதையும் சொல்லிவிட வேண்டும். அது பிராமணர்களின் சதுர்வேதிமங்கலம். ஓலையில் பெயர் ஏற, வரி கட்டும் கால்வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும், வயது 35க்கும் 70க்கும் நடுவே இருக்க வேண்டும். வயல்வழியில் தினமும் கட்டுச் சுமந்து நடந்தவர்களின் பெயர் எந்த ஓலையிலும் ஏறவில்லை. வழியில் நடந்தவர் ஒருவர், வழியைப் பற்றி முடிவெடுத்தவர் வேறொருவர். 1,100 வருடம் கழித்தும் சாலை விஷயத்தில் இந்த ஏற்பாடு பெரிதாக மாறிவிடவில்லை. ஓரத்தின் அகலத்தை முடிவு செய்கிற மேசையில் பால் கேன் கட்டிய சைக்கிளோடு வருகிறவர் உட்கார்ந்ததில்லை.

உத்திரமேரூர் இன்று பேரூராட்சி. சுற்றியுள்ளவை ஊராட்சிகள், அங்கே வருடத்தில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தெருவிளக்கும் குடிநீரும் எப்போதும் பேசப்படும். சாலை ஓரத்தை யாரும் எடுப்பதில்லை. கோடிக்கணக்கில் செலவழித்துத் தனிப்பாதை போடச் சொல்லி நான் கேட்கவில்லை. போட்டால் அதில் முதல் நாளே பைக் நிற்கும். கேட்பது இரண்டு மூன்று சின்ன வேலை. பழைய தாரைச் சுரண்டிவிட்டே புதுத் தார் போட வேண்டும் என்று 2021ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு போட்ட உத்தரவு இருக்கிறது; அதைக் கேட்டு வாங்குங்கள். தார் போட்ட கையோடு இருபுறமும் மண் கொட்டி, ரோலர் விட்டு, விளிம்புக்குச் சமமாக்கச் சொல்லுங்கள். குவாரி லாரிகள் தார்ப்பாய் போடாமல் போனால் உதிர்ந்த ஜல்லியை அவர்களையே கூட்டச் சொல்லுங்கள். இதில் எதற்கும் டெல்லி போக வேண்டாம்.

அதற்கு முன்னால் ஒரு காரியம். பள்ளிக்கூடம் திறந்திருக்கும் ஒரு நாள், காலை எட்டிலிருந்து ஒன்பது வரை, திருப்புலிவனம் பக்கத்திலிருந்து ஊருக்குள் வரும் சாலையில் ஒரு நோட்டும் பேனாவுமாக நில்லுங்கள். சைக்கிளுக்கு ஒரு கோடு, மோட்டார் வண்டிக்கு ஒரு கோடு. 1962ல் எழுதி வைத்த எண் நினைவிருக்கட்டும்: மோட்டார் வண்டி 200ஐத் தாண்டினால், சைக்கிள் 100. எண்ணிக்கையைக் கிராம சபையில் வாசியுங்கள், பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள்.